இரும்பு இருந்தால் கத்தும்

காலை ஆறு மணி ஷிஃப்டில்
கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க
எனக்குச் சாவிக்கொத்து வேண்டாம்.
இடது தொடைமேல் வைப்பேன்.
கத்தும்.
முப்பத்தாறு வருஷமாக உள்ளே இருக்கிறது
உரும்பிராய்த் தோட்டத்தில் ஏறிய ஒரு துண்டு.
"எடுத்தால் நரம்பு போகும்,
விட்டால் ஒன்றும் செய்யாது" என்றார் பட்டாள டாக்டர்.
ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது.
மழைக்கு முந்தின நாள்
அதுதான் முதலில் சொல்லும்.

வேலூர், பாபு ராவ் தெரு, மூன்று மாடி லாட்ஜ்.
டாக்காவிலிருந்து ஒரு சிறுநீரகம் வந்து தங்கும்,
ஷில்லாங்கிலிருந்து ஓர் இருதயம்.
எக்ஸ்ரே உறையும் குக்கரும் திணித்த பைகளை
நான் திறக்கச் சொல்வேன்.
யாரும் கோபித்ததில்லை.
நோயாளிக்குத் திறந்து காட்டிப் பழக்கம்.

நேற்று டிவியில்
யாருடைய பாலைவனத்தின் மேலோ
யாருடைய விமானங்களோ.
மேனேஜர் சம்பங்கி சொன்னார்:
"புத்துலயே வெச்சு அடிக்கணும்யா.
இல்லேன்னா நம்ம வாசலுக்கு வரும்."
பன்னிரண்டாம் நம்பர் அறை அசன்சோல் வாத்தியார்
இந்தியில் கேட்டார்:
புற்றை இடித்தால் பாம்பு எங்கே போகும்?
இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.
"நீ போனவனாச்சே. நீ சொல்லு."

போனவன்தான்.
கம்மவான்பேட்டையில் போகாதவன் யார்?
எண்பத்தேழு ஆடியில் பலாலியில் இறங்கினோம்.
சனம் மாலை போட்டது.
சைக்கிளை நிறுத்தி ஒருத்தி
தேசிக்காய்த் தண்ணி கொடுத்தாள்,
என் தமிழைக் கேட்டுச் சிரித்தாள்.
புரட்டாசி முடிவதற்குள்
அதே ஒழுங்கைகளில் சுட்டுக்கொண்டிருந்தோம்.
கம்பெனியில் தமிழ் தெரிந்தவர்கள் ஆறு பேர்.
கிடுகு வேலிக்கு மேலால் கத்துவது எங்கள் வேலை.
கையைத் தூக்கு.
வெளியே வா.
மகன் எங்கே.
தாய்மொழியில் இவ்வளவு சின்ன வாக்கியங்கள் இருப்பது
அங்கேதான் தெரிந்தது.

லாட்ஜில் விரிப்புத் துவைக்கும் யோகராணி
மேல்மொணவூர் முகாமிலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.
ஊர் கோண்டாவில்.
ஒருநாள், என்னைப் பார்க்காமல்,
வாளியைப் பார்த்துச் சொன்னாள்:
"நீங்கள் வர முந்தி வானத்தாலை குண்டு.
வந்தாப் பிறகு அது நிண்டது.
பொய் சொல்லக் கூடாது.
தம்பிக்கு அப்ப இயக்கமெண்டாலே பயம்.
அப்பாவை நீங்கள் ஜீப்பிலை ஏத்தின கிழமைதான்
அவன் போனவன்."
நீங்கள் என்றது மரியாதைக்கா,
பட்டாளம் முழுக்கவா?
தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்.

திரும்பி வந்தோம்.
எனக்கு மாலை எதுவும் கிடைக்கவில்லை.
அடுத்த வருஷம் மே மாதத்து இரவொன்றில்,
இங்கிருந்து மெட்ராஸ் போகிற ரோட்டோரம்,
ஒரு மாலை நீண்டது, வெடித்தது.
பிறகு நம்ம கோட்டைக்குள் அடைத்தவர்கள்
மண்ணைக் குடைந்து போனார்கள்.
அந்த வாரம் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி
என் பையையும் கொட்டினார்கள்.
நடுவில் பென்ஷன் புத்தகம்.

குறைந்ததா, கூடியதா?
சம்பங்கி இன்னும் காத்திருந்தார்.
"எந்தத் தேதியிலேர்ந்து எண்ணச் சொல்றீங்க, சார்?
மாலையிலேர்ந்தா? ஜீப்பிலேர்ந்தா?
நாங்க போகாமலே இருந்திருந்தா
செத்திருப்பாங்களே, அவங்களையும் சேத்தா?
அதுக்கு ரெஜிஸ்டர் யார்கிட்ட இருக்கு?"
"மழுப்புற" என்றார்.
இருக்கலாம்.
வாத்தியார் கிரிக்கெட்டுக்கு மாற்றினார்.

இன்று காலை யோகராணி வந்தாள்.
வேலைக்காரர்களையும் சோதிக்கணும், அது ரூல்.
குச்சியை நீட்டினேன். கத்தியது.
கேட்காமலே தூக்குச்சட்டியைத் திறந்தாள்:
இடியப்பம், கொஞ்சம் சம்பல்.
சட்டியை எட்டத் தரையில் வைத்தாள்.
கருவி நிற்கவில்லை.
கையில், கழுத்தில் அவளிடம் இரும்பே இல்லை.
"உங்கட கால், அண்ணை" என்றாள்.
"கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."