எந்தக் கேற்றிலிருந்து

வர்த்தமானியில் ஒரு வரிதான்.
பாடசாலைக்கோ கோயிலுக்கோ
நூறு மீற்றருக்குள் மதுக்கடை கூடாது என்று.
எங்கிருந்து எங்கே என்று
அச்சடித்தவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே நான் போனேன்,
பிரதேச செயலகத்தின் அளவு நாடாவோடு,
நீர்வேலியில் பஸ்ஸால் இறங்கி.
பத்து மணிக்கே தார் இளகியிருந்தது.
நாடாவின் மறுமுனை பிடிக்கிற பியோனுக்குக் காய்ச்சல்.
கடையில் வேலை செய்யும் றெஜினோல்ட்
"தாங்கோ மிஸ், நான் பிடிக்கிறன்" என்றான்.
தன் சம்பளம் முடிகிற இடத்தைத்
தானே விரலிடுக்கில் பிடித்தபடி
வாழைக்குலை லொறிகளுக்கு இடையால்
பின்பக்கமாக நடந்தான்.

கேற்றிலிருந்து கடைக்கதவுக்குத் தொண்ணூற்றாறு.
வகுப்பறைச் சுவரிலிருந்து நூற்று நாற்பது.
றோட்டோரமாய் வளைந்து போனால் ஒரு கணக்கு,
காகம் பறக்கிற நேரில் இன்னொன்று.
"பிள்ளையள் காகம்தான்,
வேலிப் பொட்டுக்குள்ளால பறந்திடுவினம்" என்றார் அதிபர்.
"குடிக்கிறவன் வளைஞ்சு வளைஞ்சுதானே வாறான்,
அவன்ர வழியை அளந்து பாருங்கோ"
முதலாளி குகராசா.
இரண்டையும் குறித்தேன்.
எனக்கு வந்த சிரிப்பைக் குறிக்கவில்லை.

பிறகு வைரவர்.
மனுவில் நாற்பத்துமூன்று கையொப்பம்,
அதில் ஏழு பெருவிரல் மை:
பூவரசின் கீழே சூலம் இருக்கிறது, அதுவும் கோயில்.
பதிவேட்டில் தேடினேன்.
கூரை இல்லை. தர்மகர்த்தா இல்லை.
மின்சாரக் கட்டணப் பட்டியல்கூட இல்லை.
எண்ணெய் காய்ந்த சூலம்,
எறும்பு மொய்த்த வடைமாலை.
மடையில் இவருக்கும் ஒரு போத்தல் வைத்த காலத்தை
மனு எழுதியவர் எழுதவில்லை,
நானும் கேட்கவில்லை.
சூலத்திலிருந்து கதவுக்கு நாற்பத்தொரு மீற்றர்.
"கோயில் (?)" என்று பதிந்தேன்.
பதின்மூன்று வருட உத்தியோகத்தில்
கடவுளுக்குப் பக்கத்தில்
நான் போட்ட முதல் கேள்விக்குறி.

அதற்குப் பதில் வந்தது, மூன்று முத்திரையோடு:
பதிவில்லாத தலங்கள் கருத்திற் கொள்ளப்படமாட்டா.
பாடசாலை விடயத்தில் மாத்திரம்
கடைக்காரருக்கு இரண்டு கிழமை அவகாசம்.

இரண்டு கிழமையால் திரும்பப் போனேன்.
முன்கதவு இருந்த இடத்தில் சீமெந்துக் கல்,
இன்னும் ஈரம் காயாமல்.
ஒழுங்கைப் பக்கம் புதுக்கதவு.
றெஜினோல்டின் நகங்களுக்குள் சாந்து.
மறுபடியும் அவனே நாடா பிடித்தான்.
நூற்று நான்கு.
சட்டம் எட்டு மீற்றர் நடந்து
மூச்சு வாங்க நின்றது.

அடுத்தநாள் போயா.
மூன்று மணிக்கே வரிசை கட்டிவிட்டார்கள்,
நாளைய தாகத்தையும் சேர்த்து வாங்க.
ஒழுங்கை நிறைந்து, சந்தி திரும்பி,
வரிசையின் வால்
பாடசாலைக் கேற்றைத் தாண்டிக் கிடந்தது.
சைக்கிளோடு வெளியே வந்த பெட்டைகள்
இறங்கி உருட்டினார்கள்.
வரிசையை அளக்கச் சொல்லி உத்தரவில்லை.

நாடாவைச் சுற்றும்போது
எதிர்வீட்டுப் படலை திறந்தது.
பவளராணி.
மனுவில் பதினைந்தாவது கையொப்பம்,
சாய்வில்லாத, வகுப்பில் முதலாய் வந்த எழுத்து.
அவளுடைய குசினி யன்னலுக்கு நேரே
புதுக்கதவு.
அடுப்பில் ஏதோ பொங்கி வழிகிற மணம்,
அவள் திரும்பிப் பார்க்கவில்லை.
"எங்கட வீட்டுக்கு எத்தினை மீற்றர், மிஸ்?"

வர்த்தமானியை நான் மனப்பாடமாய் அறிவேன்.
வீடு என்ற சொல் அதில் இல்லை.

என்றாலும் நாடாவை நீட்டினேன்.
அவளே ஒரு முனையைப் பிடித்தாள்.
கதவடியில் றெஜினோல்ட்
வரிசையைக் கொஞ்சம் விலக்கிவிட்டான்.
பதினொன்று.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
பையில்
பேனையும் இருந்தது.