பத்து கிலோவுக்குக் கீழே

சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்கு எதிரே
எடைமேடையில் எனக்கு ராத்திரி ஷிப்ட்.
சுமையோடு ஒரு தரம், இறக்கிவிட்டு ஒரு தரம்.
கழித்தால் சரக்கு.
பதினோரு வருஷமாகக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

போன ஆடியில் பழைய பேப்பர் லோடு ஒன்று
மேடையேறும்போது குலுங்கி
ஒரு புத்தகம் விழுந்தது.
அட்டை இல்லை, முதல் பதினாறு பக்கம் இல்லை.
எழுதியவன் கிரேக்கனோ ரோமானியனோ,
செத்து ஈராயிரம் வருஷமாவது இருக்கும் என்று
அடிக்குறிப்புகளை வைத்து ஊகித்தேன்.
லாரியைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம்.
கொடுத்தாலும் எடுத்தாலும் ரசீது மாறாது:
என் மேடைக்குப் பத்து கிலோவுக்குக் கீழே
கண் தெரியாது.

அந்த ஆளுக்கு அங்கேதான் கண்ணே.
கடன் கொடுத்தவனைக் கண்டதும் வருகிற சிரிப்புக்கு
இரண்டு பக்கம்.
சாவு வீட்டில் பசிப்பதைப் பற்றி
எட்டே வரி.
அம்மா போன அன்று தண்டையார்பேட்டையில்
யாருக்கும் தெரியாமல் நான் தின்ற இரண்டு பஜ்ஜி
அந்த எட்டு வரிக்குள் இருந்தது.
இவனுக்கு எப்படித் தெரியும்?
அவன் ஊரில் பஜ்ஜி உண்டா?

மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பினால்
ஜன்னலைச் சாத்திவிட்டுப் படித்தேன்.
பொறாமை வந்தபோது
நமக்கில்லை என்று நாலு பக்கம் தள்ளினேன்.

புரட்டாசியில் தேவநேசன் வந்தான்,
ட்ரெய்லர் நிறைய தகடு.
ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச் நாங்கள்.
“மச்சி, பாப்பாக்கு ஸ்டான்லில சீட்டு கெடச்சிச்சுடா.”
அரைக் கிலோ மைசூர்பாகு.
கட்டிப்பிடித்தேன்.
சிரிப்பு நன்றாகத்தான் வந்தது.
என் ஹேமா இரண்டாம் தரமும் எழுதி
ஆறு மார்க்கில் விட்டவள்.

அவன் போனதும் தள்ளிய பக்கங்களுக்குத் திரும்பினேன்.
அன்பு உட்கார்ந்த பாயில்தான்
பொறாமையும் வந்து உட்காரும்,
வேறு பாய் அதற்குத் தெரியாது
என்கிற மாதிரி ஏதோ இருந்தது.
மருந்து சொல்வான் என்று பக்கத்தைத் திருப்பினால்
கிழவன் இரக்கத்தைப் பற்றிப் பேசப் போய்விட்டான்.

பெட்டியை நான் திறக்கவில்லை.
எறும்புக்கு யார் சொன்னார்களோ, வந்தது.

நாலு மணிக்குக் காலி வண்டியோடு திரும்பியவன்
மேடையேறி, எஞ்சினை அணைத்து,
கேபினிலேயே உட்கார்ந்திருந்தான்.
“எறங்குடா.”
“நான் இன்னா டன் கணக்குலயா இருக்கேன்?”
இறங்கினான்.
திரையில் எழுபது குறைந்தது.
அவ்வளவுதான் அவன்.
சீட்டு, மைசூர்பாகு, அந்த ஆறு மார்க்
எதுவும் எந்தப் பக்கமும் ஏறவில்லை.

“ஸ்வீட்டு துன்னியா?”
“எறும்பு துன்னுது.”
“ஏன்டா?”
காது மடல் சுட்டது.
சொன்னேன்.
எல்லாம் இல்லை.

தேவநேசன் ஒன்றும் பேசவில்லை.
பெட்டியை இழுத்து, ஊதி ஊதி,
ஒரு துண்டை இரண்டாகப் பிட்டு
பெரிய பாதியை என் பக்கம் நீட்டினான்.
அதில் இன்னும் ஒரு எறும்பு இருந்தது.

பின்னால் மூன்று வண்டி ஹாரன் அடித்தது.
வாயில் இனிப்போடு
ரசீதைக் கிழித்தேன்.