பெயர் வரும்வரை

கென்ட் நகரில், நாலாம் எண் டிராம் திரும்பும் முனையில்
ரிதுவானின் முடிதிருத்தகம்.
நுரை பூசிய கழுத்தை அண்ணாந்து தந்திருக்கிறார்
ஓய்வுபெற்ற தபால்காரர் வெர்ஹுல்ஸ்ட்.
பதினோரு வருடமாய் வியாழன்தோறும் அதே கழுத்து.

சுவர் டிவியில் சிவப்புப் பட்டை ஓடுகிறது.
ஏதோ ஓர் ஊர், ஏதோ ஒரு ரயில் நிலையம்.
ஒற்றைச் செருப்பொன்றை
ஏழாவது முறையாகக் காட்டுகிறார்கள்.
செத்தவர்கள் யாரென்று கேட்க வேண்டிய நேரத்தில்
கொன்றவன் பெயருக்குக் காதைக் கொடுத்து நிற்கிறான்.
அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட
இப்படி வேண்டியதில்லை:
எவனாகவும் இருக்கட்டும்,
நம்ம பெயர் மட்டும் வேண்டாம்.
வேண்டிய வாய் கூசுகிறது.

கண்ணாடிக்குள்
வெர்ஹுல்ஸ்டின் பார்வை
திரையிலிருந்து கத்திக்கு வருகிறது,
கத்தியிலிருந்து கைக்கு.
மிடறு ஒருமுறை ஏறி இறங்குகிறது.

“இன்னைக்கு மெஷினே போதும், ரிதுவான்.”

போதும்தான்.
கத்தியை மடக்கி டிராயருக்குள் வைக்கிறான்,
சத்தம் வராமல்.
நுரையைத் துடைத்தபடி
பேரனின் பல்வலி பற்றி விசாரிக்கிறான்.
அவர் தேவைக்கு மேல் சிரிக்கிறார்.
போகும்போது
இரண்டு யூரோ கூடுதலாக வைக்கிறார்.

பெயர் இன்னும் வரவில்லை.
வானிலை வருகிறது:
நாளையும் மழை.