மூணு கூட்டல் நாலு

இருபத்தொன்பது வருஷம்
ராணிப்பேட்டை சிப்காட்டில்
தோலுக்குத் தரம் பிரித்தவன் நான்.
வடக்குச் சன்னல் வெளிச்சத்தில் விரித்து
உள்ளங்கையால் ஒரு தடவல்.
உண்ணிக்கடி, முள் கீறல், அம்மை வடு,
உரிக்கையில் கை தவறிய கத்தி.
தோல் ஒன்றுக்கு எட்டு நொடி.
முதுகில் சாக்பீஸால் ஓர் எண்.
அடுத்தது.

வேலூரில்
மிசோரத்திலிருந்து வந்த டாக்டர் பெண்
வார்டில் கற்ற தமிழில்
ஒரு 'ங்க' கூடப் பிசகாமல் சொன்னாள்:
"மூணு கூட்டல் நாலுங்க ஐயா."
எங்களிடம் மூன்று கைப்பைக்குப் போகும்,
நான்கு செருப்பின் உள்பக்கத்துக்கு.
ஏழு என்று ஒரு தரமே கிடையாது.
அதைச் சொன்னேன். சிரித்துவிட்டாள்.
சிரித்ததற்கு வருந்தியவள்போல
பேனாவை மூடினாள், திறந்தாள்.

அறுக்கலாம்.
ரோபோவின் கை, நாலாம் நாள் வீடு.
அப்புறம் தும்மினால் சொட்டும், குனிந்தால் சொட்டும்,
சிலருக்குச் சில மாசம்,
சிலருக்கு அவள் சொல்லவில்லை.
கதிர் வைக்கலாம்.
ஏழு வாரம், தாலுகா ஆபீஸ் மாதிரி சனி ஞாயிறு லீவு.
கூடவே ஓர் ஊசி,
உடம்பின் உலையை அணைத்துவிட்டு
மார்பில் சதை போடும் ஊசி.
இல்லையென்றால் சும்மா இருக்கலாம்.
"சும்மா இல்லைங்க ஐயா,
பார்த்துக்கிட்டே இருக்கிறது."

"நீங்க எது சொல்றீங்களோ அதாம்மா."
"உங்க உடம்புங்க ஐயா."
அறுபத்துமூன்று வயதில் முதல் தடவையாக
ஒருவர் அதை என்னிடமே கொடுத்தார்.
எங்கே வைப்பது என்று தெரியாமல்
ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

காந்தி ரோட்டில்
வங்காள எழுத்தில் போர்டு மாட்டிய மெஸ்.
கடுகெண்ணெயில் மீன்.
எதிர் நாற்காலியில் முர்ஷிதாபாத்காரர்,
பெயர் ஹபிபுர், லாட்ஜில் நாற்பத்தோராம் நாள்.
இவ்வளவும் மேஜை துடைக்கும் பையன் சொன்னது.
ஹபிபுர் என் ஃபைலைப் பார்த்தார்.
தன் துணிப்பையை லேசாகத் திறந்து
பெரியவர்கள் கட்டும் டயபர் பாக்கெட்டைக் காட்டி
ஆறு விரல் நீட்டினார், பிறகு இரண்டு.
முன்னே ஆறு. இப்போது இரண்டு.
நல்லது என்று கட்டைவிரலை நிமிர்த்தியவர்
என்ன நினைத்தாரோ,
அதே விரலை மெல்ல மெல்லக் கவிழ்த்து
வாய்விட்டுச் சிரித்தார்.
சோறு வந்தது.
இரண்டு பேரும் சோற்றைப் பார்த்தோம்.

பஸ்ஸில்
பாலாற்று மணலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.
முத்துக்கடை வரும்வரை அடக்க முடியுமா
என்பதுதான் யோசனை, ஆறு அல்ல.

ராத்திரி
பழைய இன்ஸ்பெக்‌ஷன் சீட்டின் பின்பக்கம்
மூன்று பத்தி பிரித்தேன்.
துட்டு. நாள். ஒண்ணுக்கு.
நாலாவது வரியில் எழுதக் கூச்சப்பட்டு
ஒரு கோடு மட்டும் இழுத்தேன்.

ஜெயசீலி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள்.
"இந்தக் கோடு இன்னா?"
"சும்மா."
"நா இதுல எந்தப் பக்கம் கீறேன்?"
ஃபேன் சத்தம்.
"அது உனக்கு மட்டுமாய்யா போவுது?
என்ன ஒரு வார்த்த கேக்காம
கோடு போட்டு முடிச்சிடுவியா?"
பென்சிலைப் பிடுங்கி
கோட்டின் மேலேயே ஜெ என்று எழுதினாள்.
எந்தப் பத்திக்கு அது என்று சொல்லவில்லை.
தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வியாழக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.
இருட்டில் படுத்து
தொப்புளுக்குக் கீழே உள்ளங்கையை வைத்தேன்.
எட்டு நொடி. மறுபடியும் எட்டு.
கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.
மேல்பக்கம் சுத்தமாக இருந்தது.
கண்ணை மூடிக்கொண்டு
முதல் தரம் என்று போட்டிருப்பேன்.

எழுந்து போய்
சொட்டுச் சொட்டாக நின்று திரும்பினேன்.
அவள் விழித்திருந்தாள்.
"எத்தினியாவது தபா?"
"மூணு."
"நாலுக்கு எழுப்பு.
பேசலாம்."