ஆறிய இடம்

தருமபுரி அரசு மருத்துவமனை.
எக்கோ அறையில் விளக்கை அணைக்கிறேன்.
திம்மராயன் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறார்.
பாலக்கோட்டுத் தக்காளியைச் சேலத்துக்கு
இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர்.
மார்ச் மாதம், தொப்பூர் இறக்கத்தில்
நெஞ்சைப் பிடித்துக்கொண்டே கியரைக் குறைத்து
லாரியை ஓரங்கட்டிவிட்டு
அப்புறம்தான் சாய்ந்தார்.

ஜெல் சில்லென்று பட்டதும் ஒரு கெட்ட வார்த்தை.
உடனே, "உங்களை இல்லம்மா."

திரையில் இதயம்.
மற்ற சுவரெல்லாம் உள்ளே வந்து வந்து போகிறது.
ஒன்று மட்டும்
பந்தியில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி
அசையாமல்.

"புண்ணு ஆறிடுச்சா?"
"ஆறிடுச்சு."
ஆறியதுதான் சிக்கல் என்று
எப்படிச் சொல்ல?
செத்த இடத்தைத் தழும்பு இறுக்கி அடைத்துவிட்டது.
வெடிக்காது. துடிக்கவும் துடிக்காது.
நெடுஞ்சாலைக் குழியில் கொட்டிய தார்;
வண்டி போகும், அவ்வளவுதான்.

வெளியே டோக்கன் கொடுக்கும் இடத்தில்
ஒரு மீன்தொட்டி, யாரோ கொடுத்த நன்கொடை.
சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத
வரிக்குதிரை மீன்கள் ஐந்தாறு.
அவற்றின் இதயத்தில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினாலும்
முதலில் ரத்தம் உறைகிறது, நமக்குப் போலவே.
பிறகு பக்கத்துத் தசைச்செல்கள்
பார்த்துக்கொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு
மறுபடி சிறுசாகி, இரண்டிரண்டாகப் பிரிந்து
இரண்டு மாதத்தில் இடத்தை நிரப்பிவிடுகின்றன.
உறைய வைத்துக் காயப்படுத்தினால் தழும்பு வரும்.
அதையும் கரைத்துவிடும்.

எல்லா மீனும் அப்படியில்லை.
ஏறக்குறைய அதே அளவு, ஜப்பானிய வயல் மீன் ஒன்று
நம்மைப் போலத் தழும்போடு நீந்துகிறது.
எலிக்குஞ்சுக்கு ஒரு வாரம் தவணை;
அதற்குள் அடிபட்டால் வளரும்,
பிறகு கடை சாத்தியாகிவிடும்.
உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளக் கொடுத்த விலை
என்கிறார்கள் சிலர். உறுதியில்லை.

பொத்தான் போட்டுக்கொண்டே கேட்கிறார்:
"தொப்பூர் எறங்கலாமா?"
முப்பத்தெட்டு சதவீதம் என்று அச்சடிக்கிறேன்.
டாக்டர் சொல்வார் என்கிறேன்.

ஐம்பது வயது இதயத்தில் ஆண்டுக்கு
நூறு செல்லுக்கு அரைச் செல் புதிதாம்.
அரை.
இதைச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள்
கதவு சாத்தியிருந்தது.

எட்டிப் பார்த்தால்
தொட்டிமுன் நிற்கிறார்,
கண்ணாடியில் உள்ளங்கை.
பெயர் கூப்பிட்டதும் போய்விட்டார்.
கை இருந்த இடத்தில் ஐந்து விரலுக்கும் ஆவி.
சாப்பாடு என்று நினைத்து
மீன்கள் அங்கே கூடின.