பேச்சு வழக்கு

புலுடா என்றாரா, புளுடா என்றாரா?
சுருக்கெழுத்தில் எனக்கு ஒரே கீறல்.
தட்டச்சில் இரண்டு விசை.

யாழ்ப்பாணம் மாவட்ட நீதிமன்றம்.
செவ்வாய், காலை பத்தே முக்கால்,
மின்விசிறி நின்றுபோயிருந்தது.
வழக்காளி பாசையூர் பவுலீனா, நண்டு வாங்கி விற்பவள்.
எதிராளி ஐஸ் லொறி தியோகுப்பிள்ளை.
மாசி மாதம், ஏலம் கூறுகிற இடத்தில்,
நாற்பது பேர் கேட்க அவர் சொன்ன வசனம்:
"உன்ர தராசு புலுடாத் தராசடி."
(இங்கே ல போட்டிருக்கிறேன். பிறகு மாற்றலாம்.)
அன்றையிலிருந்து ஒரு வள்ளமும்
அவளிடம் நண்டு நிறுக்கவில்லை.

அவளுடைய சட்டத்தரணி எழும்பினார்.
புளுகு, கனம் நீதிபதி அவர்களே.
புளுகிலிருந்து புளுடா. தாய் தகப்பன் தெரிந்த சொல்.
பொருள் பொய். ஆகவே அவதூறு.

மற்றவர் விடவில்லை.
தமிழில் 'டா' என்று முடிகிற ஒரு பெயர்ச்சொல்லைக்
கற்றறிந்த நண்பர் காட்டட்டும் பார்ப்போம்.
"கடா" என்றது பின் வாங்கிலிருந்து ஒரு குரல்.
மன்று சிரித்து முடியும்வரை பொறுத்திருந்தார்.
இது கப்பலில் வந்தது, ஐயா.
பறங்கியோ ஒல்லாந்தனோ
சீட்டாடிய மேசையில் விட்டுப்போனது.
பொருள் கெட்டியில்லை, பகிடியென்றும் கொள்ளலாம்.
பகிடிக்கு நட்டஈடு கிடையாது.

ஒரு சொல்லின் பிறப்புப் பத்திரத்தில்
பன்னிரண்டு இலட்சம் ரூபா தொங்கியது.

சாட்சி மனுவேற்பிள்ளையைச்
சொல்லிக் காட்டச் சொன்னார்கள்.
மேல்வரிசையில் முன்பல் நாலும் இல்லை.
நாக்கு நுனி எங்கே தொடுகிறதென்று
நான் எழும்பி நின்று பார்த்தேன்.
உள்ளே வெறும் இருட்டு.

இடைவேளையில், சிற்றுண்டிச்சாலையில்
வழக்கு இன்னும் பெருத்தது.
தோம்புகளைக் கிளறினால் கிடைக்கும்
என்றார் நில அளவையாளர் கயிலாயநாதர்.
இங்கிலீசுக்காரன் 'பிளவ்' என்றதை
நாங்கள் முறித்துப்போட்டோம் என்றார் பதிவாளர்.
தேத்தண்ணி ஊற்றுகிற பொடியன்
மலாய்ப் பட்டாளம் என்றான்.
ஏனடா என்றால்,
"சும்மா. அவங்களை ஒருத்தரும் சொல்லேல்லை."
அவர்கள் இருந்த வாங்கு, கதிரை,
சம்பலில் தோய்த்த பாண்,
கை துடைத்த துவாய்
ஒன்றும் வாய் திறக்கவில்லை.
அவற்றின் வழக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது.

பின்னேரம் பவுலீனா கூண்டில் ஏறினாள்.
அம்மா, இந்தச் சொல் எந்த மொழியென்று தெரியுமா?
"ஐயா, அது போத்துக்கல்ல இருந்து வந்திருக்கட்டும்,
பொலிகண்டியில இருந்து வந்திருக்கட்டும்.
வந்து விழுந்தது என்ர முகத்தில."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
அதை அப்படியே எழுதுங்கோ என்றார் என்னைப் பார்த்து.
எழுதினேன்.
அந்த வசனத்தில் அந்தச் சொல் வரவில்லை.
எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆவணியில் இணங்கிப்போனார்கள்.
தியோகுப்பிள்ளை அதே இடத்தில், அதே நாற்பது பேர் முன்னால்
சொல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.
கடனாக வந்ததென்றால்
எடுத்ததை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார் என்று
அங்கே ஒருவரும் கேட்கவில்லையாம்.

நடவடிக்கைக் குறிப்பு நாற்பத்தொரு பக்கம்.
மூன்றாம் பக்கத்தில் ல.
பதினேழில் ள.
ஒப்பிட்டுக் கையொப்பம் வைத்த மூன்று பேரும் காணவில்லை,
அல்லது கண்டும் பேசாமல் விட்டார்கள்.

சான்றுப்பொருள் ஒன்று, தராசு,
பதிவறை அலுமாரிக்கு மேல் இன்னும் இருக்கிறது.
வழக்கு நடந்த ஆறு மாதமும்
ஒரு படிக்கல்லை வைத்து அதை ஒருவரும் நிறுத்துப் பார்க்கவில்லை.
போன கிழமை ஒட்டடை அடிக்க ஏறினேன்.
முள் மயிரளவு இடப்பக்கம் சாய்ந்து நின்றது.
தூசியின் பாரமாயும் இருக்கலாம்.