கவுன்ட்டர் எண் இரண்டு

சாப்பாட்டுக்கு அடைக்க
ஏழு நிமிஷம் இருக்கும்போது
நீல பெயின்ட் டப்பா ஒன்று
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்தது.
பிறகுதான் தூக்கி வந்தவர்கள் தெரிந்தார்கள்:
ஏழாம் வகுப்பு ஆ பிரிவு, நான்கு பேர்.
மூடியில் உளியால் கிழித்த வாய்.
அதற்கு மேலே ஸ்கெட்ச் பேனாவில்
மலைச்சரிவு பள்ளிக்கூடத்தை அள்ளிப்போன ஓர் ஊரின் பெயர்.
லகரமா ளகரமா தெரியாமல்
இரண்டையும் எழுதி ஒன்றை அடித்திருந்தார்கள்.

கொட்டச் சொன்னேன்.
மீன் வாடையோடு விழுந்தது காசு.
விடிகாலை துறைமுகத்து ஏலக்கூடம்,
அப்புறம் பஸ் ஸ்டாண்டு,
அப்புறம் ரயில்வே கேட் மூடிக்கிடந்த பத்து நிமிஷம்.
"அங்கதான் மேடம் நல்ல வசூல்,
யாராலயும் ஓட முடியாது."

எண்ண எண்ணப் பத்து ரூபாய் நாணயம்.
முதுநகரில் எந்தக் கடையும் வாங்காதது,
கண்டக்டர் பார்த்ததும் கையை உதறுவது,
செல்லும் என்று நாங்களே நோட்டீஸ் ஒட்டியும்
செல்லாமல் கல்லாப்பெட்டி மூலைகளில் கிடந்தது.
தள்ளிவிட இடம் தேடிக்கொண்டிருந்த ஊர்
இந்த வாயைக் கண்டதும் தள்ளிவிட்டிருக்கிறது.
இருநூற்றுப் பன்னிரண்டு.
சிரிப்பு வந்தது.
என் வீட்டு சாமி அலமாரியிலும்
டம்ளர் நிறைய இருக்கிறது.

மொத்தம் ஐயாயிரத்து ஐந்நூற்று அறுபத்திரண்டு.
"அறுபத்தி நாலு" என்றாள் நஸ்ரின்,
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக்
கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தபடி.
மறுபடி எண்ணினேன். அறுபத்திரண்டுதான்.
"ரெண்டு ரூபாய்தானே, நான் போட்டுடறேன்."
"அது உங்க ரெண்டு ரூபா மேடம்.
எங்களுது எங்க?"

பின்னால் வரிசை முனகியது.
வேம்பரசன் டப்பாவுக்குள் தலையை விட்டான்.
அடியில், காயாத பெயின்ட்டில் புதைந்து
ஒன்று.
காம்பஸ் முனையால் நெம்பி எடுத்தான்.
ஒரு பக்கம் முழுக்க நீலம்.
வாங்கிக்கொண்டேன்.

"இதை எந்தக் கட்டத்துல எழுதணும்?"
கடைசியாக நின்ற ஜெனிட்டா
மார்போடு அணைத்திருந்ததை
கவுன்ட்டரில் வைத்தாள். கம்பளி.
அந்துருண்டை நெடி.
நான்கு பேரும் ஒரே நேரத்தில் சொன்னதில்
எனக்குப் பிடிபட்டது இவ்வளவு:
சிங்காரத்தோப்பு அஞ்சலாட்சி
சில்லறை இல்லை என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்
அரை மணி கழித்து இதோடு வந்தது.
அலை வந்த வருஷம் லாரியில் வந்ததாம்.
கடலூர் வெயிலுக்குக் கம்பளி!
அழுதுகொண்டிருந்தவர்களே
அன்றைக்குச் சிரித்துவிட்டார்களாம்.
தூக்கிப் போடவும் மனசு வராமல்
டிரங்குப் பெட்டியில் கிடந்தது.
"மலைன்னா குளிருமில்ல?"
கேட்டது அவ்வளவுதான்.

விரித்துப் பார்த்தேன்.
மடிப்பு மடிப்பாகவே நின்றது.
ஓரத்தில் சிவப்பு நூலில் ஒரு பெயர்,
எங்கள் ஐந்து பேருக்கும்
படிக்கத் தெரியாத எழுத்தில்.

செலானில் ஐந்நூறுக்குக் கட்டம் இருக்கிறது,
நூறுக்கு, ஐம்பதுக்கு, சில்லறைக்கு.
"போஸ்டாபீஸ்ல பார்சல் போடுங்க,
மூணு மணி வரைக்கும் வாங்குவாங்க"
என்று முத்திரை குத்திக் கொடுத்தேன்.
ஆவணி வெயிலில்
கம்பளியை நான்கு தலைக்கும் மேல் பிடித்து
காலி டப்பாவைத் தட்டிக்கொண்டே போனார்கள்.
எட்டுக் கால் ஒரு மிருகம்.

பார்சலுக்குக் காசு வேண்டுமே,
கடைசி ரெண்டு ரூபாய் வரை
என்னிடம் கட்டிவிட்டார்களே என்று
சாம்பார் சாதத்தில் நீல விரலை வைத்த பிறகுதான்
உறைத்தது.

டிபன் பாக்ஸை மூடினேன்.
ரயில்வே கேட் அடைத்திருந்தால்
பிடித்துவிடலாம்.